அங்கதமும் அவதூறும்

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில், காரியாபட்டியில் ஆற்றிய உரை)



‘எழுத்தும் சட்டமும்’ என்னும் தலைப்பில் பேசுமாறு செயலர் பணித்தார். பெரிய தலைப்பு, அரை மணியில் அடங்காது. ஆகவே அதை நம் ஊருக்கு ஏற்றவாறு சுருக்கிக்கொள்கிறேன். கண்மாய் மடை, களத்துமேடு, கோயில் முதல் மரியாதை, மயானப் பாதை, கல்குவாரி என்று இந்த வறண்ட சீமையில் மழைக்குப் பஞ்சமுண்டே தவிரப் பூசலுக்குப் பஞ்சமில்லை. அந்தப் பூசல்களைப் பற்றி ஒருவன் எழுதி அச்சிட்டால் அவனுக்கு என்ன நேரலாம்? எதற்கு அவன் அஞ்ச வேண்டும்? எதற்கு அஞ்ச வேண்டியதில்லை? இவ்வளவே என் பேச்சு.

இதைப் பேச எனக்குத் தகுதி உண்டோ இல்லையோ, கடன் உண்டு. வட்டம் தொடங்கிய நான்காம் ஆண்டில் நம் காலாண்டு மடலில் ஒரு கவிதை வந்தது. மூத்த உறுப்பினர்களுக்கு நினைவிருக்கும். கண்மாயில் குளம்போல் கொஞ்சம் தண்ணீர் தேங்கிய ஓர் ஆண்டு. கடைமடைக்காரர்கள் காத்திருக்க, இரவோடு இரவாக மடையைத் திறந்து தம் வயலுக்குப் பாய்ச்சிக்கொண்ட ஒருவரைப் பற்றிய கவிதை. ஆளின் பெயர் இல்லை. ஊரின் பெயரும் இல்லை. பதினைந்தாம் நாள் வக்கீல் நோட்டீஸ் வந்தது. பத்து லட்சம் ரூபாய் மானநஷ்டம். தவறினால் குற்ற வழக்கு. கவிஞர் நோட்டீஸை எடுத்துக்கொண்டு என்னிடம்தான் வந்தார். அருப்புக்கோட்டை நீதிமன்றத்தில் கறுப்பு அங்கி அணிகிறவன் நம் வட்டத்தில் நான் ஒருவன்தானே. நான் என்ன செய்தேன்? ‘எதற்கு வம்பு?’ என்று சொல்லி, மன்னிப்புக் கடிதம் ஒன்றை என் கையாலேயே எழுதிக் கொடுத்தேன். கவிதை முழுவதும் பொய் என்றும், எஞ்சிய மடல்களை அழித்துவிடுவதாகவும், இனி அப்பொருள் பற்றி எழுதுவதில்லை என்றும் அதில் இருந்தது. அவர் கையொப்பமிட்டார். வழக்கு வரவில்லை. அதன்பின் அவர் கவிதையும் வரவில்லை.

அந்தக் கடிதம் சரியா என்று இத்தனை ஆண்டுகள் எண்ணிப் பார்த்திருக்கிறேன். அந்த எண்ணத்தைத்தான் இன்று உங்கள்முன் வைக்கிறேன்.

முதலில் சட்டம். அவதூறு என்னும் குற்றத்தை 1860ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டம் தன் 499ஆம் பிரிவில் விளக்கியது. 500ஆம் பிரிவில் இரண்டாண்டு வரை வெறுங்காவலோ அபராதமோ இரண்டுமோ விதித்தது. 2024 ஜூலை 1 முதல் அச்சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது. இப்போது அது 356ஆம் பிரிவு. எண் மாறியிருக்கிறது, சமூக சேவையும் ஒரு தண்டனையாகச் சேர்ந்திருக்கிறது, உடம்பு பழைய உடம்புதான். அதன் முதல் வரைவை 1830களில் எழுதிய குழுவின் தலைவர் மெக்காலே. தமிழரில் அவர் பெயரைக் கேட்டு முகம் சுளிக்காதவர் குறைவு. ஆயினும் அந்தப் பிரிவை ஒரு முறை ஊன்றிப் படியுங்கள். நமக்கு அது புதிய நூலாகத் தோன்றாது. அணியிலக்கணம் போலத் தோன்றும்.

விதியைச் சொல்லி, அதற்கு எடுத்துக்காட்டும் சொல்லிச் செல்வது அதன் முறை. ஒருவனைச் சுட்டி, ‘இவர் யோக்கியர், இன்னாருடைய கைக்கடிகாரத்தை இவர் திருடவேயில்லை’ என்று மற்றொருவன் சொல்கிறான். திருடினார் என்று கேட்பவர் நம்ப வேண்டும் என்பதே அவன் கருத்து. இதுவும் அவதூறே என்கிறது அந்தப் பிரிவு. கடிகாரத்தோடு ஒருவர் ஓடுவதுபோலப் படம் வரைந்தாலும் அவதூறே. முன்னது நம் வஞ்சப்புகழ்ச்சியன்றி வேறென்ன? தொல்காப்பியர் செய்யுளியலில் அங்கதத்தை இரண்டாகப் பிரித்தார்: வெளிப்படையாக வைவது செம்பொருள், மறைத்து வைவது பழிகரப்பு. இரண்டுக்கும் இலக்கணம் சொன்ன தமிழ், இரண்டுக்கும் தண்டனை சொல்லவில்லை. காளமேகம் தப்பித்தார். அவர் இன்று இருந்திருந்தால் வாரத்துக்கு ஒரு வாய்தாவுக்குப் போய்க்கொண்டிருப்பார்.

பெயர் சுட்டாமையைப் பற்றி நம்மவர்களிடம் ஒரு நம்பிக்கை இருக்கிறது. பெயரை விட்டுவிட்டால் தப்பித்துவிடலாம் என்பது அது. அகத்திணையில் ஒருவர் பெயரையும் சுட்டக் கூடாது என்பது தொல்காப்பிய விதி. அந்த மரபில் வந்த நமக்கு இந்த நம்பிக்கை இயல்பானது. ஆனால் நெடுநல்வாடைக்கு என்ன நேர்ந்தது? பாட்டுடைத் தலைவன் பெயர் அதில் எங்கும் இல்லை. வேலில் வேப்பம்பூ சூட்டியிருந்தது என்ற ஒரு குறிப்புதான் இருக்கிறது. வேம்பு பாண்டியனுக்கு அடையாளப் பூ. ஆகவே இது புறம் என்று நச்சினார்க்கினியர் தீர்ப்பளித்துவிட்டார். நீதிமன்றமும் நச்சினார்க்கினியர் வழியில்தான் செல்லும். பெயர் உண்டா என்று அது கேட்பதில்லை. படித்தவர்களுக்கு ஆள் தெரிந்ததா என்றுதான் கேட்கும். நம் கவிஞரின் பாட்டில் ‘இரட்டைக் கிணற்றுக்காரர்’ என்று ஒரு சொல் இருந்தது. அந்த ஆயக்கட்டில் இரட்டைக் கிணறு வைத்திருந்தவர் ஒருவரே. அதுதான் வேப்பம்பூ.

அதேபோல மடலின் அட்டையில் நாம் அச்சிடும் ‘தனிச்சுற்றுக்கு மட்டும்’. சிறுபத்திரிகை மரபில் வந்த அழகான சொற்றொடர்; எனக்கும் அதன்மேல் ஒரு பற்று உண்டு. ஆனால் அது கவசமன்று. பழிக்கப்பட்டவரைத் தவிர மூன்றாவது ஆள் ஒருவர் படித்தால் போதும், சட்டத்தின் கண்ணில் அது வெளியீடு. ‘இதில் வரும் பாத்திரங்கள் யாவும் கற்பனையே’ என்பதும் அப்படியே. எழுதியவரோடு போவதுமில்லை. பழிச்சொல் என்று தெரிந்தே அச்சிட்டவரும் தெரிந்தே விற்றவரும் அதே பிரிவின்கீழ் வருவர். 1908இல் ‘இந்தியா’ இதழின்மீது அரச நிந்தனை வழக்கு வந்தபோது சிறை சென்றவர் பாரதியல்லர். இதழின் பெயரில் சட்டப்படி பதிவாகியிருந்த சீனிவாசன் என்பவர். பாரதி புதுச்சேரிக்குப் போனார். அதைக் குறையாகச் சொல்லவில்லை. அங்கே போனதால் நமக்குக் கிடைத்தவை என்னென்ன என்று இந்த அவைக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் இதழ் நடத்தும் நண்பர்கள் சீனிவாசனை ஒருமுறை நினைத்துக்கொள்வது நல்லது. நம் மடலின் கடைசிப் பக்கத்தில் அச்சிட்டோர், வெளியிடுவோர் என்று சிறிய எழுத்தில் இருக்கும் இரண்டு பெயர்கள் அலங்காரத்துக்கு இருப்பவையல்ல.

இவ்வளவும் அச்சம் தருவன. இனி மறுபக்கம்.

அதே பிரிவில் பத்து விலக்குகள் இருக்கின்றன. முதல் விலக்கு, பொதுநன்மைக்காகச் சொல்லப்பட்ட உண்மை. உண்மை மட்டும் போதாது. அது ஊருக்குத் தேவைப்பட்ட உண்மையாகவும் இருக்க வேண்டும். இன்னாருடைய மகள் யாரோடு போனாள் என்பது உண்மையாகவே இருக்கட்டும். ஊருக்கு அதனால் ஆவதென்ன? பொதுக் கண்மாயின் மடையை இரவில் யார் திறந்தார் என்பது அப்படியன்று. பொது ஊழியரின் பணி நடத்தையைப் பற்றி நல்லெண்ணத்தோடு கருத்துச் சொல்வதற்கும் விலக்கு உண்டு. நீதிமன்ற நடவடிக்கையை உள்ளது உள்ளபடி வெளியிடுவதற்கும் உண்டு. திறனாய்வாளர்களுக்காகவே ஒரு விலக்கு இருப்பது இங்குள்ள பலருக்கு வியப்பாக இருக்கும். ஒருவருடைய நூல் அசட்டு நூல் என்று சொல்லலாம். அந்த நூலிலிருந்தே தெரிகிற அளவுக்கு அவர் மனவலிமை இல்லாதவர் என்றுகூடச் சொல்லலாம். அவர் ஒழுக்கம் கெட்டவர், ஆகவே அவர் நூல் இப்படி இருப்பதில் வியப்பில்லை என்று சொன்னால் விலக்குப் போய்விடும். நூலைப் பேசு, ஆளைப் பேசாதே என்பதைத் திறனாய்வு வகுப்பில் நூறு தடவை சொல்லியும் கேட்காதவர்களுக்கு மெக்காலே இரண்டு வரியில் சொல்லியிருக்கிறார்.

காவல் நிலையத்திலிருந்து அழைப்பு வந்தாலே உயிர் போய்விட்டதாக நம்மவர்கள் எண்ணுகிறார்கள். அவதூறு, காவல்துறை தானே முன்வந்து பதியக்கூடிய குற்றமன்று. பாதிக்கப்பட்டவர் தாமே குற்றவியல் நடுவர் முன் முறையிட வேண்டும். பிடியாணையின்றிக் கைது இல்லை, பிணையில் விடத்தக்கது. புதிய நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 223ஆம் பிரிவின்படி, எதிரியாகக் காட்டப்பட்டவர் தம் பக்கத்தைச் சொல்ல வாய்ப்புத் தந்த பிறகே நடுவர் அந்தப் புகாரைக் கோப்பில் எடுக்க முடியும். உரிமையியல் வழக்கென்றால் ஓராண்டுக்குள் தொடுக்க வேண்டும். கேட்கும் தொகைக்கு ஏற்ப நீதிமன்றக் கட்டணமும் கட்ட வேண்டும். நம் மாநிலத்தில் 2017 முதல் அது நூற்றுக்கு 3. பத்து லட்சம் என்று நோட்டீஸில் எழுத மை போதும். வழக்காகத் தொடுக்க முப்பதாயிரம் ரூபாய் வேண்டும். அன்று எனக்கு இந்தக் கணக்கு தெரியாமலில்லை. போட்டுப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

யார் வழக்குத் தொடரலாம் என்பதிலும் தமிழ்நாட்டு வழக்குகளே இந்தியா முழுமைக்கும் வழி காட்டியிருக்கின்றன. 1971 ஜனவரியில் சேலத்தில் நடந்த மூடநம்பிக்கை ஒழிப்பு மாநாட்டின் தீர்மானம் ஒன்றைத் திரித்து வெளியிட்டதாகச் சொல்லி, மாநாட்டு வரவேற்புக் குழுத் தலைவர் நாளிதழ்களின் ஆசிரியர்கள்மீது அவதூறு வழக்குத் தொடுத்தார். மாநாடு என்பது இன்னார் இன்னார் என்று வரையறுக்க முடியாத திரள். அதற்கு நேர்ந்த பழியைத் தமக்கு நேர்ந்த பழியாக ஒருவர் கொள்ள முடியாது என்று 1972இல் உச்ச நீதிமன்றம் தள்ளிவிட்டது. நடிகை குஷ்பு 2005இல் ஓர் இதழுக்குச் சொன்ன கருத்துக்காக அவர்மீது வெவ்வேறு ஊர்களில் 23 வழக்குகள் தொடுக்கப்பட்டன. 2010இல் உச்ச நீதிமன்றம் அத்தனையையும் நீக்கியது. ‘எங்கள் ஊரை இழிவுபடுத்திவிட்டான்’, ‘எங்கள் சாதியை இழிவுபடுத்திவிட்டான்’ என்று வருகிறவர்களுக்கு அவதூறுச் சட்டம் எளிதில் கதவு திறக்காது. ஆனால் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். வழக்கு நிற்கவில்லை என்று தெரிய ஐந்தாண்டுகள் ஆயின. அந்த அலைச்சல் எந்தத் தீர்ப்பிலும் எழுதப்படாத தண்டனை.

ஊராட்சியையோ பேரூராட்சியையோ குறை சொல்லி எழுதலாமா என்று இளைஞர் ஒருவர் காலையில் கேட்டார். அவருக்கு ஆட்டோ சங்கர் வழக்கைச் சொல்ல வேண்டும். தூக்குத் தண்டனைக் கைதியாக இருந்த அவர் சிறையில் எழுதிய தன் வரலாற்றை நக்கீரன் இதழ் வெளியிட முனைந்தது. அதில் அதிகாரிகள் பலர் வருவர் என்று அறிவிப்பு வந்ததும், வெளியிடக் கூடாது என்று சிறைத்துறைத் தலைவரிடமிருந்து கடிதம் வந்தது. 1994 அக்டோபர் 7ஆம் நாள் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவதூறு வரும் என்று எண்ணி வெளியீட்டை முன்கூட்டியே தடுக்கும் அதிகாரம் அரசுக்கோ அதிகாரிக்கோ இல்லை. பொது ஆவணங்களில் உள்ளதை யாருடைய அனுமதியும் இன்றி வெளியிடலாம். பாலியல் குற்றத்துக்கு ஆளானவர் பெயர் போன்றவை மட்டும் விலக்கு. அரசும் உள்ளாட்சி அமைப்பும் தமக்கு மானநஷ்டம் என்று இழப்பீட்டு வழக்குத் தொடுக்க முடியாது. அதிகாரி ஒருவர் தம் பணி தொடர்பாக வந்த எழுத்துக்கு இழப்பீடு கேட்டால், எழுதியவன் உண்மையைப் பற்றிச் சற்றும் கவலைப்படாமல் எழுதினான் என்று காட்ட வேண்டும். ஆனால் இவை உரிமையியல் வழக்குக்கே. குற்ற வழக்கு வேறு. அந்தக் குற்றப் பிரிவே அரசியல் சட்டத்துக்கு முரண் என்று தொடுத்த வழக்கை 2016 மே 13ஆம் நாள் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. அந்தத் தீர்ப்பில் எனக்கு உடன்பாடில்லை. என் உடன்பாடு யாருக்கு வேண்டும், சட்டம் அதுதான்.

சட்டமன்றம் வேறு வகை. 1987இல் ஆனந்த விகடன் அட்டையில் வந்த ஒரு நகைச்சுவைத் துணுக்குக்காக ஆசிரியர் எஸ். பாலசுப்பிரமணியன் அவர்களுக்குச் சட்டமன்றம் மூன்று மாதச் சிறை விதித்தது. நாடெங்கும் எழுந்த கண்டனத்தால் சில நாளிலேயே வெளியே வந்தார். வந்தபின் அவர் சும்மா இருக்கவில்லை. உயர் நீதிமன்றம் சென்று, அந்தச் சிறைவாசம் தவறு என்று தீர்ப்பும் ஆயிரம் ரூபாய் இழப்பீடும் பெற்றார். அந்த ஆயிரம் ரூபாயைப் பற்றி நான் அடிக்கடி நினைப்பதுண்டு. நான் எழுதிய மன்னிப்புக் கடிதத்தின் விலை அதைவிடக் குறைவு.

இப்போது நான் சொல்ல வந்ததற்கு வந்துவிட்டேன். தமிழ் எழுத்தாளனின் வாயை மூடியது பெரும்பாலும் நீதிமன்றத் தீர்ப்பன்று. தீர்ப்புக்கு முன்னே வாங்கப்பட்ட கையொப்பம்.

பெருமாள்முருகனின் ‘மாதொருபாகன்’ 2010இல் வந்தது. திருச்செங்கோட்டுத் தேர்த்திருவிழாவையும் குழந்தையில்லாத ஒரு தம்பதியரையும் பற்றிய நாவல். நான்காண்டு யாரும் பேசவில்லை. 2014 டிசம்பரில் எதிர்ப்பு மூண்டது, நூல் எரிக்கப்பட்டது, ஊரில் கடையடைப்பு நடந்தது. 2015 ஜனவரி 12ஆம் நாள் நாமக்கல் ஆட்சியர் அலுவலகத்தில் அமைதிப் பேச்சுவார்த்தை. கலவரம் வேண்டாம் என்று அவர் வருத்தம் தெரிவிக்க அணியமாகத்தான் போனார். ‘வருத்தம்’ போதாது, ‘நிபந்தனையற்ற மன்னிப்பு’ என்று எழுத வேண்டும் என்றார்கள். அப்படியே எழுதிக் கையொப்பமிட்டார். இரண்டொரு நாளில், பெருமாள்முருகன் என்னும் எழுத்தாளன் இறந்துவிட்டான் என்று அறிவித்தார். வருத்தம் என்னும் சொல்லுக்கும் மன்னிப்பு என்னும் சொல்லுக்கும் இடையே ஓர் எழுத்தாளனின் உயிர் நின்றது என்பதைக் கவிஞர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

அந்த அறையில் நீதிபதி இல்லை. சாட்சி இல்லை, குறுக்கு விசாரணை இல்லை, நாவலின் எந்தப் பக்கம் எந்தச் சட்டத்தை மீறியது என்ற கேள்வியே இல்லை. வெளியே கூட்டம் நின்றது. உள்ளே ஒரு தாள் இருந்தது. தமிழ்நாடு முற்போக்கு எழுத்தாளர் கலைஞர்கள் சங்கத்தின் சார்பில் ச. தமிழ்ச்செல்வன் உயர் நீதிமன்றம் சென்றார். 2016 ஜூலை 5ஆம் நாள் தலைமை நீதிபதி சஞ்சய் கிஷன் கவுல், நீதிபதி புஷ்பா சத்தியநாராயணா ஆகியோரின் அமர்வு தீர்ப்பளித்தது. அந்த உடன்பாடு எழுத்தாளரை எவ்வகையிலும் கட்டுப்படுத்தாது. பிடிக்காதவர் புத்தகத்தைத் தூக்கி எறிந்துவிடலாம், படித்தே தீர வேண்டுமென்று கட்டாயமில்லை. எழுத்தாளர் மீண்டும் உயிர்த்தெழுந்து எழுதட்டும் என்பது அதன் சாரம். அந்த ஆண்டு ஆகஸ்டில் அவருடைய ‘கோழையின் பாடல்கள்’ வந்தது. எழுதுவதில்லை என்றிருந்த காலத்தில் எழுதியவை அவை. நாவலாசிரியனைக் கவிதைதான் உயிரோடு வைத்திருந்திருக்கிறது. இந்த அவை அதற்காகச் சற்றுப் பெருமைப்படலாம்.

எல்லாருக்கும் அப்படி வாய்ப்பதில்லை. 2014இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் துரை. குணா, தம் ஊரைப் பற்றி எழுதிய ‘ஊரார் வரைந்த ஓவியம்’ நூலுக்காக ஊர்விலக்கைச் சந்தித்தார். 2015இல் புலியூர் முருகேசன் ஒரு சிறுகதைக்காகத் தாக்கப்பட்டார். இத்தகைய இடங்களில் அவதூறுப் பிரிவு வருவதில்லை. பிரிவினரிடையே பகை மூட்டியதாக 196, சமய உணர்வைப் புண்படுத்தியதாக 299 என்ற பிரிவுகள்தாம் வரும். பழைய சட்டத்தில் 153அ, 295அ. இவற்றில் காவல்துறை தானே வழக்குப் பதியலாம், பிணை எளிதன்று. எழுதுகிறவன் உண்மையில் அறிந்திருக்க வேண்டிய எண்கள் இவை. அவதூறுக்கு வாய்தா, இவற்றுக்கு விடியற்காலையில் கதவு தட்டல். அப்படியொரு நாள் வந்தால் கையொப்பம் கேட்கும் தாளைப் படிக்காமல் தொடாதீர்கள்; வழக்குரைஞர் உடனில்லாமல் படிக்கவும் வேண்டாம். நமக்கு உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2004 முதல் பேருந்து தூரத்தில் இருக்கிறது. என் தந்தை காலத்தில் சென்னைக்கு இரவு முழுவதும் போக வேண்டும்.

திருச்சுழிக்காரர்கள் சிலர் இங்கே இருக்கிறீர்கள். அதனால் ஒரு கிளைக்கதை. ரமணரின் தந்தை சுந்தரமையர் திருச்சுழியில் வழக்காடி வந்தவர் என்பது உங்களுக்குத் தெரியும். ஆனால் அவதூறுக் கதை மகனுடையது. 1930களில் ஆசிரமத்தின் முன்னாள் நிர்வாகி ஒருவர், ஆசிரமத்தின்மீது வழக்கும் தொடுத்து, ரமணரை மிக இழிவாகத் தாக்கி ஒரு சிறு நூலும் அச்சிட்டார். அன்பர்கள் கொதித்தார்கள். ரமணர் அதைப் படித்துவிட்டுச் சிரித்தார் என்றும், இதை வாசலில் வைத்தே விற்கலாமே, நம்புகிறவர்கள் உள்ளே வராமல் போவார்கள், நமக்கும் தொல்லை குறையும் என்ற பொருளில் சொன்னார் என்றும் அண்ணாமலை சுவாமி தம் நினைவுகளில் கூறுகிறார். நம் ஊரில் முதல் மரியாதை வாங்குகிறவர்களிடம் இந்தக் கதையைச் சொல்லிப் பார்த்திருக்கிறேன். கேட்டுக்கொள்கிறார்கள். நோட்டீஸ் அனுப்புவதை நிறுத்துவதில்லை.

இன்னொரு செய்தி, அண்மையது. 2024 மே 1ஆம் நாள் ஆவியூர் அருகே கல்குவாரியில் வெடிபொருள் வெடித்துத் தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். தொழிலாளர் நாள் அது. காரியாபட்டி வரை அதிர்ந்தது. கேட்டவர்கள் இங்கே பலர் இருக்கிறீர்கள். அதைப் பற்றி நம் வட்டத்தில் ஒரு வரிகூட இதுவரை வரவில்லை. ‘வழக்கு நடக்கும்போது எழுதக் கூடாதே’ என்று ஒரு கவிஞர் சொன்னார். யார் சொன்னது? நீதிமன்ற நடவடிக்கையை நேர்மையாகவும் சரியாகவும் வெளியிடுவது அவமதிப்பு ஆகாது என்று 1971ஆம் ஆண்டின் நீதிமன்ற அவமதிப்புச் சட்டமே சொல்கிறது. இறந்தவனின் செருப்பைப் பாடுங்கள். வெடித்த மணியைப் பாடுங்கள். முதல் தகவல் அறிக்கையில் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். தீர்ப்பு வருமுன் ஒருவரைக் கொலைகாரர் என்று மட்டும் சொல்லாதீர்கள். அந்தச் சொல்லைச் சொல்லும் வேலை வேறொருவருடையது. அதை எடுத்துவிட்டால் கவிதையில் என்ன குறைந்துவிடப் போகிறது?

மறுபடியும் மடைக்கே வருகிறேன். சென்ற திங்களில், இந்த மலருக்காக அந்தக் கவிஞரைப் பார்க்கப் போனேன். மிளகாய் வற்றலை வெயிலில் பரப்பிக்கொண்டிருந்தார். பழைய மடலை எடுத்து வந்தார். அழிப்பதாக நான் எழுதிக் கொடுத்ததில் ஒரு பிரதியை அவர் அழிக்கவில்லை. இருவரும் திண்ணையில் உட்கார்ந்து, கவிதையை ஒவ்வொரு வரியாகப் படித்தோம். இரவில் மடை திறந்ததைக் கண்டீர்களா என்று கேட்டேன். கண்டேன், நானும் என் மகனும் கண்டோம் என்றார். கடைமடை காய்ந்ததைக் கண்டீர்களா? என் வயலே கடைமடைதான் என்றார். ஒன்பதாம் வரியில் நீர்ப்பாய்ச்சிக்குக் கையூட்டுக் கொடுத்ததாக இருந்தது. கொடுத்ததைக் கண்டீர்களா? அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, ‘ஊரில் பேசிக்கொண்டார்கள்’ என்றார்.

இருபத்திரண்டு வரிகளில் ஒரு வரி. அந்த ஒரு வரிக்கு வருத்தம் தெரிவித்து, மற்ற இருபத்தொரு வரிகளும் உண்மை, பொதுக் கண்மாய் பற்றியவை, சாட்சி உண்டு என்று பதில் அனுப்பியிருக்க வேண்டும். அதுதான் வழக்குரைஞனின் வேலை. பெருமாள்முருகன் வழக்கின் தீர்ப்பு வந்து ஆண்டுகள் ஆகியிருந்தும், நான் அவருக்கு ஒரு நாமக்கல் அறையைக் கட்டி, அதில் உட்கார வைத்துக் கையொப்பம் வாங்கினேன். அப்போது வெளியே கூட்டம்கூட இல்லை.

ஒன்பதாம் வரியை அவரே அடித்துவிட்டார். ‘இரட்டைக் கிணறு’ என்பதையும் மாற்றினால் நல்லது என்றேன். பழைய பழக்கம் போகவில்லை. அவர் மறுத்தார். ‘கிணறு ரெண்டு இருக்கிறவன் கண்மாய்த் தண்ணிக்கு ஏன் வரணும்ங்கிறதுதானே பாட்டு?’ என்றார். அது உண்மை. அந்தச் சொல்லை எடுத்தால் மிஞ்சுவது மழையைப் பற்றிய மற்றொரு கவிதை.

அந்தக் கவிதை இருபத்தொரு வரிகளோடு இந்த மலரில் வருகிறது. முன்பு எழுதிக் கொடுத்த கடிதத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்வதாக, காரணங்களோடு ஒரு பதிவுத் தபாலைச் சென்ற வாரம் எதிர்த்தரப்பு வழக்குரைஞருக்கு அனுப்பிவிட்டோம். ஒப்புகை அட்டை வந்துவிட்டது. நோட்டீஸ் வந்தால் இம்முறை பதில் எழுதும் பொறுப்பு என்னுடையது. கட்டணம் இல்லை.